துருசடித் துண்டு

எங்கள் வயலுக்குள் ஒரு கல் நிற்கிறது. வெள்ளை அடித்து, தலையில் சிவப்பு மையால் இலக்கம் எழுதிய கல். அதற்கு நேரே கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. குளத்தில் குளித்துவிட்டு வரும்போது ஈரச் சேலையோடு நின்று அந்த முதல் கல்லை வாய் நிறையத் திட்டிப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். "கோதாரி விழுவானே, நீ நல்லாயிருப்பியோ" என்று தொடங்கினால் அதைச் செய்தவன், சுமந்தவன், நட்டவன் எல்லாரையும் பேசித்தான் முடிப்பேன். இவர், அதாவது என் கணவர், குளக்கட்டில் நின்று, "கல்லோடை என்னத்துக்கப்பா கொளுவுறாய்? அது என்ன செய்யும்?" என்பார். கல்லைக் கொண்டுவந்து போட்டவர்கள் என் கண்ணில் தட்டுப்படுவதில்லையே, பின்னே யாரைப் பேசுவது?

எங்கள் ஊர் ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில், பெரிய றோட்டிலிருந்து காட்டுக்குள் இறங்கும் செம்மண் பாதையின் முடிவில் இருக்கிறது. ஒரு சின்னக் குளம், குளத்துக்குக் கீழே வயல், வயலுக்கு அங்கால் காடு. அவ்வளவுதான் ஊர். நான் அங்கே பிறந்தவள் இல்லை. என் ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கத்தில் குடியேற்றத் திட்டத்துக் காணி எடுத்தவர். அங்கே எல்லாம் நூல் பிடித்து அளந்த காணி. வாய்க்காலுக்கு இலக்கம், வயலுக்கு இலக்கம், வீட்டுக்கு இலக்கம். ஐயாவுக்கு வேலி என்றால் உயிர். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்று சாகும்வரை அந்த மனிசனின் முகத்தில் முழிக்காமல் இருந்தவர். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்துவிட்டு நான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தேன்.

கல்யாணம் முடிந்து முதல்முறை என்னைப் பார்க்க வந்த ஐயா, தேத்தண்ணி குடிக்க முன்னமே வயலைக் காட்டச் சொன்னார். இவர் கூட்டிக்கொண்டு போனார், நான் பின்னால் போனேன். நெல் நல்ல பச்சையாய் நின்றது. ஐயாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இதிலை எங்கட எது, தம்பி?"

"இந்த வரிசம் அந்தா, அந்த மருதமரத்துக்கு நேரை கிடக்கிற துண்டு, மாமா."

"இந்த வரிசமோ? அப்ப வாற வரிசம்?"

"வாற வரிசம் அதுக்குக் கீழை."

"அதுக்கடுத்த வரிசம்?"

"அதுக்கும் கீழை."

ஐயா வரம்பில் நின்றபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். "பிள்ளை, நான் உனக்கு மாப்பிளை பாத்தனோ, பரதேசி பாத்தனோ?" என்றார். இவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஐயா வீட்டுக்குப் போகும்வரை காணி உறுதி எங்கே, உறுதி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உறுதி என்று ஒன்றும் இல்லை. முறைதான் இருந்தது. குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற மதகைத் துருசு என்போம். துருசுக்குக் கிட்டக் கிடக்கிற துண்டு துருசடித் துண்டு. அதற்குத்தான் முதல் தண்ணீர். எந்த வருஷத்திலும் அது பொய்க்காது. அங்கிருந்து ஒன்றன்கீழ் ஒன்றாகத் துண்டுகள் காட்டுக்கரை வரைக்கும் போகும். கடைசித் துண்டுக்குத் தண்ணீர் போய்ச் சேரும்போது அது தண்ணீராக இருக்காது, சேறாக இருக்கும். யானை முதலில் கால் வைப்பதும் அங்கேதான். அதனால் இந்த வருஷம் கடைசித் துண்டு செய்தவருக்கு அடுத்த வருஷம் துருசடி. மற்ற எல்லாரும் ஒரு துண்டு கீழே இறங்குவார்கள். எல்லா வீடும் ஒருநாள் துருசடியில் இருக்கும், எல்லா வீடும் ஒருநாள் யானை வாய்க்குப் போகும்.

நான் முதலில் இதை விசர்க்கூத்து என்றுதான் நினைத்தேன். ஒரு வருஷம் மாட்டெரு சுமந்து சுமந்து என் முதுகு முறிந்தது. அடுத்த வருஷம் அந்தத் துண்டு மேல் வீட்டுக்காரருக்குப் போய்விட்டது. "நான் எருப் போட்டதிலை உவையின்ர நெல்லு என்ன வடிவாய் நிக்குது பாருங்கோ" என்று இவரோடு சண்டை பிடித்தேன். "கீழ்வீட்டார் போட்ட எருவிலைதானே நீ இப்ப விதைச்சிருக்கிறாய், அதுக்கு அவை உன்னோடை சண்டைக்கு வந்தவையே?" என்றார். கொஞ்ச வருஷம் போக எனக்கும் பழகிவிட்டது. பிறகு ஐயா வந்து வேலிக்கதை தொடங்கினால் எனக்கே எரிச்சல் வரும்.

இந்த முறையை இவர்தான் மனதில் வைத்திருந்தார், அவருக்கு முன் அவருடைய தகப்பன். புரட்டாதியில் மழைக்கு முன்னம் ஒருநாள் குளக்கட்டு மருதமரத்தடியில் பிள்ளையாருக்குப் பொங்கல். வயலின் ஒவ்வொரு பங்குக்காரரும் ஒரு பிடி விதைநெல் கொண்டுவந்து ஒரே பனையோலைக் கடகத்தில் போடவேண்டும். எல்லாம் கலந்த பிறகு, இவர் இந்த வருஷம் யாருக்கு எந்தத் துண்டு என்று மேலிருந்து கீழாகச் சொல்லுவார். துருசடி யாருக்கோ அவர் கடகத்திலிருந்து முதல் பிடியை எடுத்து தன் துண்டின் மூலையில் விதைப்பார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தங்கள் துண்டுகளுக்கு இறங்குவார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. பங்குக்காரர் எல்லாரும் வந்து நிற்கவேண்டும். ஒருமுறை கால் முறிந்து கிடந்த மனிசனைக் கதிரையோடு தூக்கிக் கொண்டுவந்து குளக்கட்டில் இருத்தினார்கள். அந்தாள் வலியில் ஊரையெல்லாம் திட்டிப் பேசிக்கொண்டே நெல்லைப் போட்டது. பங்குக்காரன் உயிரோடு இருக்க அவனுடைய இடத்தில் வேறு ஆள் நெல் போடுவதில்லை. வேறு ஆள் போட்டால் அவன் இல்லை என்று அர்த்தம். பங்குக்காரன் செத்து மோசம்போன வீட்டில் பெண்சாதியோ பிள்ளையோ வந்து அந்தப் பிடியைப் போடுவார்கள். அதோடு முறை அவர்கள் கைக்கு வந்துவிடும். அதற்கென்று எந்த அரசாங்கக் கந்தோருக்கும் யாரும் போனதில்லை.

இவருடைய அக்கா, என் மச்சாள், எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்தார். அவருடைய கணவர் பாம்பு கடித்து மோசம்போன வருஷம், மீசை அரும்பியும் அரும்பாத அவருடைய ஒரே மகன்தான் கடகத்தில் நெல் போட்டான். செத்தவீட்டில் அழாமல் பொத்திக்கொண்டு இருந்த மச்சாள், மகன் கையை விரித்து நெல் விழுந்த அந்த நேரத்தில்தான் நிலத்தில் இருந்து குழறி அழுதார். அதுவரைக்கும் அவர் புருஷன் செத்ததை நம்பவில்லைப்போல என்று நாங்கள் பிறகு கதைத்தோம்.

அந்தப் பெடியன் நல்ல பெடியன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம், என்னைப்போல. சண்டை எங்கள் பக்கம் வருவதற்கு முந்திய மாரி விதைப்பில், அந்தக் காலபோகத்தில், அவனுக்குத்தான் கடைசித் துண்டு. காட்டுக்கரையில் காவல்கொட்டில் போட்டு, யானை வராமல் இருக்கத் தகரத்தைத் தட்டித் தட்டிச் சினிமாப் பாட்டுப் பாடுவான். அவனுடைய குரல் எங்கள் முற்றம்வரை வரும்.

"எட, உன்ர பாட்டைக் கேட்டு யானை அழுதுகொண்டெல்லே போயிருக்கும்" என்றேன் ஒருநாள்.

"சிரியுங்கோ மாமி, சிரியுங்கோ. வாற வரிசம் எனக்குத் துருசடி. கொட்டாவி விட்டுக்கொண்டு விதைப்பன். அம்மாவுக்குப் புதுக் குசினி கட்டிக் குடுக்கப்போறன்."

"முதல்லை மீசையை ஒழுங்காய் வளர்" என்றேன்.

அந்த நெல் வெட்டி அடுத்த புரட்டாதி வருவதற்குள் நாங்கள் ஊரில் இல்லை. அந்தக் காலத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எங்கே எங்கே தறப்பாளுக்குக் கீழே கிடந்தோம் என்று சொல்லத் தொடங்கினால் நித்திரை போய்விடும். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். எல்லாம் முடிந்து, சனத்தோடு சனமாய் வெளியே வந்த இடத்தில், இளம் பெடியளை ஒரு பக்கம் வரச் சொன்னார்கள். மச்சாள் மகனுடைய சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பதிஞ்சுபோட்டு விடுவம், பின்னாலை வருவார், நீங்கள் போங்கோ அம்மா" என்று ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார். மச்சாள் கையை விட்டார். அவனை ஏற்றிய பஸ்ஸைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவன் இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை.

முகாமிலிருந்து எங்களை ஊருக்கு விட்டபோது மச்சாள் வரவில்லை. வவுனியாவில் ஒரு அறை எடுத்து நின்று மகனைத் தேடினார். போகாத சிறை இல்லை, கொடுக்காத மனு இல்லை. பிறகு தன்னைப்போன்ற தாய்மாரோடு றோட்டோரக் கொட்டிலில் போய் இருந்துவிட்டார், மகனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு. இப்போதும் அங்கேதான் இருக்கிறார்.

நாங்கள் வந்து பார்த்தபோது வயல் முழுக்க நாயுண்ணிப் புதரும் ஈச்சம் பத்தையும். ஆனால் குளக்கட்டு நின்றது, மருதமரம் நின்றது. அந்தப் புரட்டாதியில் பொங்கினோம். தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு பொங்கல் ஒரு கேடா என்று நினைக்காதீர்கள், அன்றைக்கு எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கேயோ தேடிப்பிடித்து ஒவ்வொரு வீடும் ஒரு பிடி மொட்டைக்கறுப்பன் நெல் கொண்டுவந்திருந்தது. செத்துப்போனவர்களுக்காக அவரவர் ஆட்கள் போட்டார்கள். அழுதழுதுதான் போட்டார்கள். கடகம் சுற்றி வந்து இவருடைய கைக்கு வந்தது. இவர் முறையைச் சொல்லத் தொடங்கினார்.

"துருசடி, அக்காவின்ர பெடிக்கு."

அவனுடைய பிடியைப் போட அங்கே ஆள் இல்லை. யாரோ மச்சாளுக்குப் போன் எடுத்துக் கொடுத்தார்கள். ஸ்பீக்கரில் அவருடைய குரல் எல்லாருக்கும் கேட்டது. "அவன் வந்து போடுவான், தம்பி. உங்களுக்கு அவசரமெண்டால் விதையுங்கோ, நான் மறிக்கேல்லை."

மறிக்கவில்லைதான். ஆனால் அவனை விட்டுவிட்டு எப்படி விதைப்பது? அவன் துருசடிக்கு ஏறினால்தான் மற்றவர்கள் ஒரு துண்டு கீழே இறங்கலாம். அவனைத் தாண்டிப் போவதென்றால் அவன் இல்லை என்று ஊர் தீர்மானித்ததாகிவிடும். அவனுடைய தாய் தீர்மானிக்காததை நாங்கள் எப்படித் தீர்மானிப்பது? முறை நகராததால் யார் எந்தத் துண்டில் பத்தை வெட்டுவது என்றும் இல்லாமல் போய்விட்டது. ஒரு போகம் பொறுப்பம் என்றார்கள். அடுத்த புரட்டாதியும் பொங்கினோம், அடுத்ததையும் பொறுத்தோம். ஆம்பிளைகள் நெடுங்கேணிக்கும் முள்ளியவளைக்கும் கூலிவேலைக்குப் போனார்கள். நாங்கள் வீட்டுக்காணியில் கச்சானும் மரவள்ளியும் போட்டுக் காலத்தைத் தள்ளினோம்.

இப்படி ஒரு பிழையை வேறு எந்த ஊர் விட்டிருக்கும்? எனக்கு நெஞ்சு கொதித்தது. "எங்கட ஐயாவின்ர பக்கத்திலை முதல் மழைக்கே உழுதுபோட்டினம். நீங்கள் என்னெண்டால் இன்னும் ஆளைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்" என்று இவரைக் கத்தினேன்.

"அக்காவின்ர முகத்தைப் பாத்து ஆர் சொல்லுறது?"

"நீங்கள் சொல்லுங்கோ. தம்பிதானே?"

"நீ போய்ச் சொல்லன். உனக்குத்தானே வாய் கிடக்கு."

போகமாட்டேனா? அடுத்த நாளே பஸ் ஏறிப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மச்சாள் கொட்டிலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். படத்தில் அவன் சிரித்துக்கொண்டு இருந்தான், மீசை கொஞ்சம் ஒழுங்காய் வளர்ந்திருந்தது. நான் போனதும் தன் சோற்றுப்பார்சலை விரித்துப் பாதியை எனக்குத் தள்ளினார். தின்னத் தின்ன ஊர்க்கதை கேட்டார். கடைசியாக, "பிள்ளை, துருசடியிலை பத்தை கனக்கவே?" என்றார்.

அங்கே அப்போது ஆள் உயரத்துக்குப் பத்தை. "இல்லை மச்சாள், கொஞ்சந்தான்" என்றேன். பின்னேர பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

பத்தை மரமாவதற்குக் கனகாலம் தேவையில்லை. வீரையும் பாலையும் எழும்பி நின்றபோதுதான் அவர்கள் வந்தார்கள். எந்த அரசாங்கத் திணைக்களம் என்று சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு ஜீப், கையில் பிடித்து அளக்கிற ஒரு மெசின், பின்னால் ஒரு ட்ரக்டர் நிறையக் கல். எங்கள் மொழி தெரிந்த ஒருவர் இவரிடம் கேட்டார்.

"இந்தத் துண்டு ஆருடையது?"

"இது முறையிலை மாறிறது."

"உங்கட துண்டு எது?"

"முறை இன்னும் நகரேல்லை. அதாலை இப்ப சொல்லேலாது."

"ஏன் இவ்வளவு காலமும் விதைக்கேல்லை?"

"முறைக்காரன் வரேல்லை" என்றார் இவர். அவர் சொன்னது அவ்வளவும் உண்மை.

அந்த மனிதர் மற்றவர்களுக்குத் திருப்பிச் சொன்னார். அவர்கள் மரங்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு கல்லை இறக்கத் தொடங்கினார்கள். நான் கத்திக்கொண்டு ஓடினேன். "இது காடில்லை, வயல்! வரம்பைப் பாருங்கோ, இந்தா வரம்பு, இந்தா வாய்க்கால்!" என்று பத்தைக்குள் காலால் தட்டித் தட்டிக் காட்டினேன். கால் முழுக்க முள்ளுக் கிழித்தது. அன்று பின்னேரம் இவரை நான் பேசாத பேச்சில்லை. "ஒரு பொய் சொல்லத் தெரியாதோ உங்களுக்கு? இது என்ர, அது அவன்ர எண்டு வாயிலை வந்ததைச் சொல்லியிருக்கலாமே!" இவர் என்னை விளங்காதமாதிரிப் பார்த்தார். இதற்குப் பிறகு பத்தை வெட்டக் கத்தியோடு உள்ளே இறங்கினவர்களைப் பொலிசுக்கு வரச் சொன்னார்கள்.

பிரதேச செயலகத்துக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. அங்கே ஒரு இளம் பெண் உத்தியோகத்தர் இருந்தா. அவாவை நான் குறை சொல்லமாட்டேன். எங்களை இருத்தி, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டா. வந்து பார்ப்பதற்கு ஒரு குழுவைக் கூட்டி வருவதாகச் சொன்னா. "அண்டைக்கு ஒவ்வொருத்தரும் தங்கட துண்டிலை நிண்டு காட்டவேணும். ஒரு துண்டும் ஆளில்லாமல் கிடக்கக்கூடாது. கிடந்தால், பாத்தியளே கைவிட்ட காணி எண்டு சொல்லிப்போடுவினம்" என்றா. துருசடியில் நிற்கவேண்டியவர் காணாமல் போனவர் என்று இவர் சொன்னார். அவா பேனையை மூடி வைத்துவிட்டு, "தாய் நிக்கலாந்தானே?" என்றா.

இந்தமுறை வவுனியாவுக்கு இவர்தான் போனார். அங்கே என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

குழு வருகிற நாளுக்கு முதல்நாள் மச்சாள் வந்தார். அந்தப் படத்தைக் கொண்டுவரவில்லை. அடுத்தநாள் காலமை மருதமரத்தடியில் பொங்கினோம். ஒவ்வொருவராய் நெல் போட்டார்கள். மச்சாளின் முறை வந்தது. அவர் கையை நீட்டினார், ஆனால் விரிக்கவில்லை. கடகத்துக்கு மேலே அந்தக் கை மூடியபடியே நின்றது. பானை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததைக்கூட யாரும் பார்க்கவில்லை. "அக்கா, விருப்பமில்லாட்டி விடுங்கோ" என்று இவர் மெல்லச் சொன்னார். மச்சாள் எங்கள் எல்லாருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தார். கூலிக்குப் போய் இடுப்பு ஒடிந்த மனிசரின் முகங்கள். பிறகு கையை விரித்தார். இந்தமுறை அவர் குழறவில்லை. எனக்குத்தான் தாங்க முடியாமல் போனது.

பின்னேரம் குழு வந்தது. நாங்கள் பத்தைக்குள்ளும் மரத்துக்குள்ளும் அவரவர் துண்டில் நின்றோம். மேலே துருசடியில் மச்சாள் நின்றார். அந்தப் பெண் உத்தியோகத்தர் அவரிடம், "உங்கட மகன் அம்மா?" என்று கேட்டா. கேட்கத்தான் வேண்டும், அது அவாவுடைய வேலை.

"மோசம் போயிட்டான்" என்றார் மச்சாள். நான் எட்ட நின்றேன், எனக்கே கேட்டது.

குழு போனது. மாதங்கள் போயின. மேலே எழுதியிருக்கு, மேலே எழுதியிருக்கு என்றார்கள். கடைசியில் அந்தப் பெண்ணே எங்கள் வீடு தேடி வந்தா. முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. மரம் நன்றாக வளர்ந்துவிட்டதால் காட்டுக்குள் சேர்த்தது சேர்த்ததுதானாம், இனி விட ஏலாதாம். "நான் என்னாலை ஏலுமானதைச் செய்தனான், அம்மா" என்றா. ஓம், செய்ததுதான். அவாவுக்கு ஒரு கை மரவள்ளி பிடுங்கிக் கொடுத்து அனுப்பினேன். மச்சாளுக்கு இவர் போனில் சொன்னார். அவர் போனை வைத்துவிட்டார்.

கடகம் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே இருந்தது. விதைக்க வயல் இல்லாத விதைநெல்லை என்ன செய்வது? சோறாக்கவும் மனம் வரவில்லை.

போன மாதம் ஒரு பின்னேரம் மச்சாள் வந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.

"நான் போட்ட நெல்லைத் தாங்கோ" என்றார்.

எனக்கு உடனே பிடிபடவில்லை. இவருக்குப் பிடிபட்டது. "அக்கா, அது எல்லாற்றையும் கலந்து கிடக்கு. கடகத்திலை போட்டதை ஒருத்தரும் திருப்பி எடுத்ததில்லை" என்றார்.

"ஒருத்தருக்கும் தேவை வரேல்லை, தம்பி. வயல் வருமெண்டுதானே போட்டனான்? வயலும் வரேல்லை. என்ர பிள்ளையை என்னட்டைத் தாங்கோ."

இவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்கள் எடுத்தால் முறை திரும்ப நிண்டுபோம், அக்கா. பேந்து எப்பவாவது கல்லை எடுத்தாலும்…"

"நிக்கட்டும்!" என்றேன் நான். "நீங்கள் சும்மா இருங்கோ. நிண்டால் நிக்கட்டும்." அந்த முறையை எதிர்த்து ஒருகாலம் இவரோடு சண்டை பிடித்தவளும் நான்தான், அதை நகர்த்தச் சொல்லிக் கத்தினவளும் நான்தான். அன்றைக்கு எனக்கு அந்த மனிசியின் கையைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை.

கடகத்தை இறக்கினேன். வண்டு விழுந்திருந்தது. முற்றத்தில் இருந்து சுளகில் போட்டு வடிவாய்ப் புடைத்து, மச்சாளுக்கு முன்னால் நீட்டினேன். அவர் ஒரு பிடி அள்ளினார். கொஞ்சம் கூடிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, நாலைந்து மணியைத் திரும்பச் சுளகில் விட்டார். மீதியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு தம்பியைப் பார்த்தார்.

"துருசடி ஆருக்கு?"

இவர் தூணை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "உங்கட பெடிக்குத்தான், அக்கா."

"ஓம். அவன் வந்து போடுவான்."

அதற்குப் பிறகுதான் மச்சாள் கதிரையில் இருந்தார். "இப்ப தேத்தண்ணியைத் தாங்கோ, பிள்ளை" என்றார். நான் குசினிக்குள் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும். மூஞ்சியைக் கழுவிக்கொண்டு தேத்தண்ணியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் ஒரு கையால் சேலைமுடிச்சைப் பிடித்தபடி, மற்றக் கையால் வாங்கிக் குடித்தார்.

"பிள்ளை, துருசடியிலை பத்தை கனக்கவே?" என்றார்.

"இல்லை மச்சாள்," என்றேன், "கொஞ்சந்தான்."